பூ என்றால் பேன்

1

இந்த ஆகஸ்டோடு நாங்கள் மாண்ட்ரியல் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதற்கு ஒரு கேக் வாங்கலாமா என்று என் கணவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எதை எழுத உட்கார்ந்தாலும் அது கடைசியில் அம்பத்தூர் பக்கம் போய்த்தான் நிற்கும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சந்துப் பக்கமாக, ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருக்கிறது. மே மாதம் அதில் சாமந்தி விதை தூவினேன். ஜூனில் செடிகள் கிளம்பின. இலை எல்லாம் கத்தரித்து விட்டதுபோல நுணுக்கமாக, அச்சு அசல் சாமந்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினேன். ஜூலையில் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஊரில், அயனம்பாக்கத்தில் இருக்கிற அண்ணிக்குப் போட்ட ஒவ்வொரு போனிலும், 'சாமந்தி எப்படி வந்திருக்கு பாரு' என்று காமிராவை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டில் மிஷேல் இருக்கிறாள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மகள் யாழினி கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவளுக்குப் பழக்கம். வணக்கம், நன்றி, தோசை என்று ஐந்தாறு தமிழ் வார்த்தைகளை யாழினியிடமிருந்து பிடித்து வைத்திருக்கிறாள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் செடிகளைக் காட்டி வேகவேகமாகப் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். எனக்குக் கடைசி வார்த்தைதான் தெளிவாகக் காதில் விழுந்தது. "பூ."

அடடா, இவள் பூவையும் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நான் பூரித்துப்போனேன். "இன்னும் பூக்கவில்லை, அடுத்த மாதம் நிறையப் பூக்கும், உங்களுக்கும் ஒரு கூடை தருகிறேன்!" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வாக்குக் கொடுத்தேன். மிஷேல் இரண்டடி பின்னால் போனாள். கையை நெஞ்சில் வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2

நோட்டீஸை வாசலில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறேன். மூன்றரை மணிக்கு வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே வாசித்தேன். பதினான்கு வருடத்தில் என் பிரெஞ்சு காய்கறிக் கடைக்குப் போதும், நகராட்சிக்குப் போதாது. ஆனாலும் ஒரு வார்த்தை என் கண்ணில் மிளகாய்ப்பொடியாக விழுந்தது. பி, ஓ, யூ, எக்ஸ். பிள்ளை படிக்கிற வீடுகளில் இந்த வார்த்தை தெரியாதவர்கள் கிடையாது. குளிர்காலம் வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற துண்டுச்சீட்டில் அது இருக்கும். பேன் என்று அர்த்தம். உங்கள் பிள்ளையின் தலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

உங்கள் இடத்தில் பேன் இருக்கிறது, பத்து நாளுக்குள் அகற்றவும், அது பூப்பதற்கு முன் அகற்றவும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பேன் எந்த ஊரில் பூக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கோபம் வந்தால் எனக்கு யோசனை வராது. என் பிள்ளை தலையில் பேன் என்று ஊரறிய வாசலில் ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்களா? யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் பையை வாங்கி வைத்து, இழுத்துப் பிடித்து உட்கார வைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, பேன்சீப்பை எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு ஆகஸ்டும் அவளுக்குக் கண் வீங்கும், மூக்கு ஒழுகும், தும்மல் ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டு வரைக்கும் போகும். இந்த வருடம் ரொம்ப மோசம். நான் சீவச்சீவ அவள் தும்மிக்கொண்டே இருந்தாள். ஒரு பேனும் உதிரவில்லை. கடைசியில் நோட்டீஸைப் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், எண்ணெய் வழிகிற முகத்தோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அம்மா, இது பேன் இல்ல. செடி. செடியோட பேருதான் பேன் செடி. நீ தண்ணி ஊத்துற இல்ல, அது."

பேன் என்பதைப் பிரெஞ்சில் எழுதுவது பி, ஓ, யூ, எக்ஸ் என்று, சொல்வது 'பூ' என்று. மிஷேல் காட்டியது பூவை அல்ல. யாழினியின் மூக்கையும் கண்ணையும் இப்படிப் படுத்துகிற மகரந்தம் அந்தச் செடியிலிருந்துதான் காற்றில் வருகிறது என்று பள்ளியில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் சாமந்தி விதையை எந்த அணில் தின்றதோ தெரியாது. இரண்டு மாதமாக அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி என் பிள்ளைக்கு நானே தும்மலை வளர்த்திருக்கிறேன். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "சட்டை, அம்மா, சட்டை" என்று கத்தினாள்.

3

பிடுங்க ஆரம்பித்தபோதுதான் உற்றுப் பார்த்தேன். இந்த இலையை எனக்கு வேறு இடத்திலும் தெரியும். நம்மூர்ப் பார்த்தீனியம்! பேன் செடியும் அதுவும் கிட்டத்தட்டப் பங்காளிகள். இதன் பூ பச்சையாகக் கதிர்போல நிற்கும், கண்ணுக்கே படாது. பார்த்தீனியம் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூக்கும். மற்றபடி இரண்டுக்கும் ஒரே குணம். வெறும் மண் எங்கே கிடைக்கும் என்று காத்திருப்பது.

பார்த்தீனியம் பட்டால் தோல் தடித்து அரிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் கை இரண்டிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மிஷேல் வெறுங்கையோடு வந்தாள். இந்தச் செடியைத் தாராளமாகத் தொடலாம், வேரோடு சுலபமாக வரும் என்று காட்டினாள். கூடை நிறையத் தருவதாகச் சொன்ன வாக்கை அன்றைக்குக் காப்பாற்றினேன். கூடை கூடையாகப் பிடுங்கினோம். யாழினி உள்ளே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று, விட்டுப்போனவற்றை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்த பிறகு நகராட்சிக்குப் போன் செய்து தெரிவிக்க வேண்டும். லைனில் காக்கவைத்து இருபது நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து கோப்பு எண் கேட்டாள். ஒன்பதுக்கும் ஐந்துக்கும் பிரெஞ்சில் எனக்கு எப்போதும் தகராறு. மூன்று முறை சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள், "நீங்கள்தான் அந்த இடத்தின் உரிமையாளரா?" ஆமாம் என்றேன். "நல்லது. அப்படியானால் பொறுப்பு உங்களுடையது" என்று அன்பாகத்தான் சொன்னாள். அடுத்த வருடமும் பூப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அண்ணி கோமதிக்கு வீடியோ போடுவேன். அங்கே மாலை ஐந்தரை. அண்ணனும் அண்ணியும் அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார்கள். அண்ணனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அன்றைக்கு அண்ணி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இருமல். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு முறை நிறுத்தினாள்.

"இன்னா அண்ணி, இன்னும் இருமிகினே கீறே?" என்றேன். அண்ணியோடு பேசினால் என் வாய் தானாக அங்கே போய்விடும்.

"ஒண்ணும் இல்ல செல்வி. சொம்மா தூசி. வீசிங்குக்கு மாத்திரை போட்டுகினுதான் கீறேன். உன் சாமந்தி இன்னா ஆச்சி?"

பேன் கதையைச் சொன்னேன். அண்ணி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையிலிருந்த போன் திரும்பி, மாடிக்குக் கீழே பக்கத்து மனையைக் காட்டியது. சுற்றுச்சுவருக்குள்ளே சுவரைத் தாண்டுகிற உயரத்துக்கு, தரையே தெரியாமல், வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

யாழினி என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பொதுவாக ஞாயிற்றுக்கிழமை போனுக்கு அவள் வரமாட்டாள். வந்தால் ஒரு ஹாய், ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவளாகவே பேசினாள்.

"அத்தை! கீழ அது என்ன செடி? எங்க பேன் செடி மாதிரியே இருக்கு!"

"அதுவா கண்ணு? பார்த்தீனியம். மழை பேஞ்சிச்சி இல்ல, மளமளன்னு ஏறிக்கிச்சி."

"அதான் உங்களுக்கு இருமல் அத்தை! யாரோட இடம் அது? அவங்கதான் எடுக்கணும்."

அண்ணி திரையில் யாழினியை மட்டும் பார்த்தாள். என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. "யாரோ வெளியூரு ஓனரு கண்ணு. யாரு இன்னான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்கணும் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வெளியூர் ஓனர் நான்தான்.

அப்பா தன் இடத்தை இரண்டாகப் பிரித்து, வீடு இருக்கிற பாகத்தை அண்ணனுக்கும் காலி மனையை எனக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒருநாள் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைத்துக் கட்டுவேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நூம்பல் பக்கம் காலி மனைகளில் யார் யாரோ குடிசை போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பயந்து, அந்தமுறை ஊருக்குப் போனபோது சுவர் எழுப்பி, இரும்பு கேட்டு போட்டு, பெரிய பூட்டு வாங்கினேன். பூட்டுக்கு இரண்டு சாவி. மாண்ட்ரியலுக்குத் திரும்பக் கிளம்பிய அன்று அண்ணன் சாவிக்காகக் கையை நீட்டினான். அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனாலும் கொடுக்கத் தோன்றவில்லை. "இருக்கட்டும் அண்ணா, நான் வரப்போ தொறந்துக்கிறேன்" என்று இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நீட்டிய கையை அவன் அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டான். அதன்பிறகு அவன் சாவியைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஏரிப் பாசனத்தில் பயிர் நடந்த காலத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அடுத்தவர் வயலில் களை பறிப்பதுதான் வேலை. அந்த வம்சத்தில் பிறந்து, தன் பேரில் மண் வந்த முதல் பெண் நான். அதில் களையை விட்டுவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி இருமினாள். டாக்டரை மாத்திப் பாரு, வெந்நீர் குடி, ஆவி பிடி என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானும் சொன்னேன்.

5

மறுநாள் காப்பகத்தில் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். என் கணவர் காரணம் கேட்டார், தலைவலி என்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாழினி ஒரு தாளோடு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, ஸ்பெல்லிங் பாரு" என்றாள். தமிழில் எழுதியிருந்தாள். யாரும் சொல்லாமல் அவள் தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. அப்படியே தருகிறேன்.

"மனை சொந்தகாரர் அவர்கலுக்கு வனக்கம். உங்கள் எடத்தில் பார்த்தீனியம் செடி நிறைய இருக்கு. அது பூத்தால் என் அத்தைக்கு மூச்சி வரது இல்லை. எனக்கும் அப்படி வரும் அதனால் எனக்கு தெரியும். எங்கள் ஊரில் சொந்தகாரர் தான் பொருப்பு. நீங்கள் ரொம்ப தூரமா இருக்கீங்களா? உங்களுக்கு யாரும் சொல்ல இல்லை என்று நினைக்கிரேன். சொன்னால் நீங்கள் கன்டிப்பா வருவீங்க. நன்றி. யாழினி."

பேனாவை எடுத்தேன். அவர்களுக்கு என்பதில் ள போட்டேன். வணக்கத்துக்கு மூன்று சுழி போட்டேன். பொறுப்புக்கு வல்லின ற போட்டேன். 'சொன்னால் நீங்கள் கன்டிப்பா வருவீங்க' என்ற வரிக்கு வந்தபோது கண் மறைத்து எழுத்து தெரியவில்லை.

"நிறைய தப்பா அம்மா?"

"இல்ல. ஒரு தப்பும் இல்ல."

"அட்ரஸ் யார்கிட்ட கேக்கணும்? மாமாகிட்டயா?"

"நம்ம அட்ரஸையே போடு" என்றேன்.

அவளுக்கு உடனே புரியவில்லை. அனுப்புகிறவர் முகவரியைச் சொல்கிறேன் என்று நினைத்து, அதைத்தான் மேலே எழுதிட்டேனே என்றாள். பெறுநரும் அதேதான் என்றேன். சாவி கதையை மறைக்காமல் சொன்னேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதற்கு நோட்டீஸே மேல்.

"அப்ப அத்தை பொய் சொன்னாங்களா?"

"ஆமாம்."

"ஏன்?"

"உன் முன்னாடி நான் கெட்டவளா தெரியக் கூடாதுன்னு."

யாழினி தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "டெலிவரி" என்றாள்.

6

மறுநாள் காலை யாழினி பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே அண்ணிக்கு வீடியோ போட்டேன். அங்கே மாலையாகியிருந்தது. காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தெருவில் கேட்டது. அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமையலறையில் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?" என்றேன். எடுத்த எடுப்பில் அழுதுவிட்டேன்.

"அய்யே, எதுக்கு இப்ப அழுவுறே? இன்னான்னு சொல்ல சொல்றே? கார்ப்பரேஷன் ஆபீஸ்ல போயி கம்ப்ளெய்ன்ட்டு எழுதிக் குடுன்னாங்க. ஓனரு பேரு கேப்பாங்க இல்ல? உன் பேரை நான் எப்டி குடுப்பேன்?"

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல?"

அண்ணி அடுப்பைக் குறைத்தாள். "நா சொல்லி, எதுக்குடா இந்த ரோதனைன்னு நீ வித்துட்டின்னா? உன் பேர்ல ஒரு எடம் பக்கத்துல கீதுன்னா என்னிக்காச்சும் வந்து நிப்பேன்னு நான் நெனைச்சிக்கலாம். செடி இன்னா செடி. ஜன்னலைச் சாத்திக்கினா ஆச்சி."

அப்போது அதைச் சொன்னேன். என் கணவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "அண்ணி, நாங்க அங்க வந்து வீடு கட்டுவோம்னு எனக்கே இப்ப நம்பிக்கை இல்ல. வரமாட்டோம்னுதான் தோணுது."

காய்கறி வண்டியின் சத்தம் தெருமுனை திரும்பியது. அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"தெரியும் செல்வி" என்றாள். "வேப்பம்பட்டு வரைக்கும் பாரு, காலி மனை வெச்சிருக்கற எல்லார் ஊட்லயும் இதே கதைதான். ஆனா நீ வாயால சொல்லாம இருந்திருக்கலாம்."

மன்னிச்சிடு அண்ணி என்றேன். இடத்தை விற்கமாட்டேன், அது இனிமேல் நீங்கள் புழங்குகிற இடம், துணி காயப்போடு, வெண்டைக்காய் போடு, தெருப் பிள்ளைகளைப் பந்து விளையாட விடு என்றேன். முதலில் அந்தச் செடியை ஆள் வைத்து வேரோடு எடுக்கவேண்டும், கையுறை, முகமூடி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, முடிகிற வரைக்கும் நீ கிட்டேயே போகக்கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

"சாவி அனுப்பினா வர எத்தனை நாளாகுமோ. அண்ணனை இன்னிக்கே பூட்டை உடைச்சிடச் சொல்லு" என்றேன்.

அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"பூட்டு எங்க கீது உடைக்கறதுக்கு? அது துரு புடிச்சி, ஒரு மழையில தானா கயண்டு வுயுந்து ரெண்டு வர்சம் ஆவுது. கேட்டு காத்துக்கு தொறந்து தொறந்து மூடிக்கினு இருந்திச்சி."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் யாரும் உள்ள போகல?"

"நல்லா கீதே கதை. எவனாச்சும் பூந்து குப்பை கொட்டினான்னா, நாளைக்கு நீ வந்து பார்த்தா எங்களை இன்னா நெனைப்பே? நான்தான் நைலான் கயிறு போட்டு நாலு முடிச்சி போட்டு கட்டி வெச்சிருக்கேன். உங்க அண்ணன்கூட கால் வெக்கல. சாவி உன்னாண்ட இல்ல இருந்திச்சி?"

அவளை மூச்சுமுட்ட வைத்த செடியை, எனக்காக அவளே கயிறு கட்டிக் காவல் காத்திருக்கிறாள். அண்ணி போனோடு படி இறங்கி, தெருவுக்கு வந்து, கேட்டின் முன்னால் நின்றாள். நீல நிறக் கயிறு வெயிலில் வெளுத்திருந்தது.

"இன்னா செல்வி, லைன்ல கீறியா? நீ சொன்னாத்தான் கை வெப்பேன். அவுக்கட்டுமா?"

பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்றிருந்த யாழினி என் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அவுத்துடு அத்தை" என்றாள்.